காயலான் கடைக் கவசம்



காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு ரீ-ஆர்டர் லெவல் ஞாபகம் இருக்கும். அதிகபட்ச உபயோகத்தை, சரக்கு வந்து சேர ஆகும் அதிகபட்ச காலத்தால் பெருக்க வேண்டும். கையிருப்பு அந்த அளவுக்கு இறங்கியதுமே அடுத்த ஆர்டர் போட்டுவிட வேண்டும். ரொம்ப சின்ன கணக்குதான். இதை உலகத்திலேயே பணக்கார ராணுவம் கோட்டை விட்ட கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1980களில் ஜீப்புக்குப் பதிலாக அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வண்டி ஹம்வி. போர்முனைக்குப் பின்னால் ஆளும் சாமானும் ஏற்றிப் போகச் செய்தது. பல வண்டிகளுக்குக் கதவு என்பதே கேன்வாஸ் துணிதான். 1993ல் சோமாலியாவில் அடி வாங்கிய பிறகு, தொழிற்சாலையிலேயே கவசம் பூட்டிய எம்-1114 என்ற ரகம் வந்தது. ஆனால் ராணுவ போலீஸ் மாதிரி சில பிரிவுகளுக்கு மட்டும் அது இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

2003 ஏப்ரலில் பாக்தாத் விழுந்தது. அதன்பிறகுதான் நிஜமான தலைவலி. பழைய பீரங்கிக் குண்டு ஒன்று, கொஞ்சம் ஒயர், ஒரு செல்போன் இருந்தால் சாலையோர வெடிகுண்டு தயார். முன்னணி, பின்னணி என்ற கோடே அழிந்துபோனது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவனும் போர்முனையில்தான் இருந்தான்.

சிப்பாய்கள் என்ன செய்வார்கள்? வண்டியின் தரையில் மணல் மூட்டை பரப்பினார்கள். பிளைவுட் பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டினார்கள். குப்பைமேட்டில் கிடந்த இரும்பைப் பொறுக்கி வந்து கதவாக வெல்டிங் வைத்தார்கள். இதற்கு அவர்களே வைத்த பெயர் 'ஹில்பில்லி ஆர்மர்'. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் பட்டிக்காட்டுக் கவசம்!

இதில் ஒரு சிக்கல். சாதாரண இரும்பு வேறு, பதப்படுத்திய கவச எஃகு வேறு. சாதா தகட்டைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துவிடும். போதாததற்கு எடை கூடி ஸ்பிரிங்கும் கியர் பெட்டியும் சீக்கிரம் தேய்ந்தன. பிற்பாடு ராணுவம் கவசத்தை மூன்று நிலையாகப் பிரித்தது. முதல் நிலை, தொழிற்சாலையில் இருந்தே கவசத்தோடு வருவது. இரண்டாவது, ராணுவப் பட்டறைகளில் செய்து அனுப்பி அங்கே பூட்டும் கிட். மூன்றாவது, உள்ளூரிலேயே வெட்டி ஒட்டியது. ஆக, பட்டிக்காட்டுக் கவசத்துக்கும் அரசாங்கக் கணக்கில் ஒரு இடம் கிடைத்துவிட்டது.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். 2003 ஆகஸ்டில் கேட்கப்பட்ட எம்-1114 வண்டிகள் 1,407. 2004 செப்டம்பரில் அதுவே 8,105 ஆனது. கவசம் பூட்டியதோ ஓஹாயோவில் இருந்த ஒரே ஒரு நிறுவனம். ஆரம்பத்தில் மாதம் 50 சொச்சம் வண்டிதான். கவச எஃகையும் குண்டு துளைக்காத கண்ணாடியையும் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது.

2004 டிசம்பர் 8. குவைத் முகாமில் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டிடம் டென்னசி தேசியக் காவல்படைச் சிப்பாய் ஒருவர் எழுந்து கேட்டார்: நாங்கள் ஏன் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்க வேண்டியிருக்கிறது? சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆசைப்படும் ராணுவத்தோடு அல்ல, இருக்கிற ராணுவத்தோடுதான் போருக்குப் போக முடியும் என்கிற மாதிரி பதில் வந்தது. அந்தக் கேள்வியைத் தயாரிக்க ஒரு நிருபர் உதவினார் என்பது பிறகு தெரிந்து சர்ச்சையானது. இருந்தாலும் கேள்வி பொய் இல்லையே? பணம் பிரச்சினை இல்லை, உற்பத்தி வேகம்தான் பிரச்சினை என்றார் ரம்ஸ்ஃபெல்ட். அப்போது மாதம் 450 வண்டி வந்துகொண்டிருந்தது. எங்களால் 550 செய்ய முடியும் என்று அடுத்த நாட்களில் அந்த நிறுவனமே சொன்னது! அதன்பிறகுதான் ஆர்டர் கூடியது.

இதைவிடக் கொடுமை, இது புதுப் பாடம் கிடையாது. 1967 செப்டம்பர் 2 அன்று வியட்நாமில் பிளேக்கு பக்கம் ஒரு லாரி வரிசை தாக்கப்பட்டு 7 பேர் செத்தார்கள். அதன்பிறகு ஓட்டுநர்கள் லாரிகளில் மணல் மூட்டையும் மரப்பலகையும் கட்டினார்கள், பிறகு இரும்புத் தகடு அடித்து இயந்திரத் துப்பாக்கிகளை ஏற்றினார்கள். போர் முடிந்ததும் ஒரு வண்டி மியூசியத்துக்குப் போனது, பாடம் மறந்துபோனது. 2003ல் பேரப்பிள்ளை வயசுப் பையன்கள் அதே லாரியை மறுபடி முதலில் இருந்து கண்டுபிடித்தார்கள்.

ஹம்வியின் அடிப்பகுதி தட்டை. பக்கத்தில் எவ்வளவு கவசம் போட்டாலும் கீழே வெடித்தால் அவ்வளவுதான். வெடியின் விசையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் V வடிவ அடிப்பகுதி ரொடீசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1970களிலேயே உண்டு. அந்த மாதிரி எம்ராப் வண்டிகளுக்கு முதலிடம் என்று ராபர்ட் கேட்ஸ் உத்தரவிட்டது 2007 மே மாதம். பிறகு 27,000க்கு மேல் வாங்கினார்கள், 4,500 கோடி டாலர் அளவுக்குச் செலவு. போர் சுருங்கியபோது ஆப்கானிஸ்தானில் மிச்சமான பல வண்டிகளை வெட்டிப் பழைய இரும்பாக விற்றார்கள். குப்பைமேட்டில் தொடங்கிய கதை காயலான் கடையில் முடிந்தது.

பரீட்சையில் லீட் டைமை வாரக் கணக்கில் கொடுப்பார்கள், பெருக்கினால் விடை வந்துவிடும். இங்கே அந்த ஒவ்வொரு வாரத்துக்கும் யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழுந்தது. அதே சாலையில் டாக்சி ஓட்டிய, சந்தைக்குப் போன ஈராக்கியர்களோ எந்த நிலைக் கவசத்திலும் சேர்த்தி இல்லை. அவர்களுக்காக யாரும் ஆர்டரே போடவில்லை.