யாருடைய சீசன்? மாரியில் கல்குடாவுக்குப் போக நினைத்த கதை

மார்கழி லீவுக்கு எங்கேயாவது போக வேணும் எண்டு நாங்கள் கதைக்கத் தொடங்கியது ஒக்டோபரில். பரீட்சை முடிய இரண்டு கிழமை கிடைக்கும். நுவரெலியா எண்டால் குளிர், செலவு. தெற்குக் கரையில் டிசம்பர் மாதத்து அறை வாடகையைக் கேட்கவே ஏலாது. அப்போது எங்களில் ஒருத்தி போனில் ஒரு விலைப்பட்டியலைக் காட்டினாள். பாசிக்குடா. ஓகஸ்டில் சொல்கிற விலையில் பாதிக்கும் குறைவு. காரணமும் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: ‘ஓஃப் சீசன்’.

எல்லாருக்கும் சந்தோஷம். ஒருத்தன் மட்டும் பேசாமல் இருந்தான். அவன் மட்டக்களப்புக் கரையோரத்துப் பொடியன். பிறகு கன்டீனில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் சொன்னான்: “டிசம்பரில எங்கட அம்மா கடல் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டா. நீங்க அதுக்கு ஓஃப் சீசன் எண்டு பேர் வச்சிருக்கிறீங்க.”

அவன் கோபப்பட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வசனம் எங்களை விடவில்லை. சீசன் எண்டால் என்ன? அது எப்ப தொடங்கும், எப்ப முடியும் எண்டு தீர்மானிப்பது யார்? பயணத்துக்காகத் தேடத் தொடங்கிய நாங்கள் வரலாற்றைத் தேடிக்கொண்டு போனோம். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

காற்றின் நாட்காட்டி

கிழக்குக் கரையில் வருடத்தைப் பிரிப்பது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த கச்சானாக மட்டக்களப்புக்கு வந்து சேரும். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் இடிமழை தொடங்கினால் பிறகு வாடைக்காற்று. வருடத்து மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தையில் விழுந்துவிடும்.

மேற்குக் கரைக்கு இது நேர்மாறு. அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள், தங்கட கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வலையையும் வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு வடகிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டார்கள். கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு, திருகோணமலை எண்டு வாடிகள் நீண்டன. காற்று மாறியதும் ஊருக்குத் திரும்பினார்கள். போருக்கு முன்னர் பல தலைமுறையாக நடந்த போக்குவரத்து இது. போருக்குப் பிறகு இதே வாடிகளைச் சுற்றித்தான் கடுமையான தகராறுகளும் வந்தன. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கரையோரக் கிராமத்துக்கு மாரி சும்மா இருக்கிற காலமும் அல்ல. கடலுக்குள் போக ஏலாத நாளில் வாவியில் வலை விழும். வயற்பக்கம் பெரும்போகம் பச்சையாய் நிற்கும். மழை கூடி வாவி நிரம்பி, வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறினால், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணற்திட்டை வெட்டிவிட வேண்டும். இதை முகத்துவாரம் வெட்டுதல் என்பார்கள். எப்ப வெட்டுவது எண்டதில் விவசாயிக்கு ஒரு கணக்கு, மீனவருக்கு ஒரு கணக்கு. பிந்தினால் பயிர் அழுகும். முந்தினால் வாவியின் தண்ணீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும். ஊரே கூடிக் கதைத்து, சண்டை பிடித்து, முடிவெடுக்கிற காலம் இது. ஹோட்டல் விலைப்பட்டியலில் மட்டும்தான் இந்த மாதங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

சீசன் எண்ட சொல்

எங்கட நாட்டில் ‘சீசன்’ எண்டால் முதலில் ஞாபகம் வருவது ரெயில் சீசன் டிக்கட், அடுத்தது நுவரெலியாவின் ஏப்ரல் சீசன். கொழும்பு வெக்கை தாங்காமல் மலைக்கு ஏறிய வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அதோடு சேர்ந்து வந்தவை.

கடற்கரைச் சீசனின் கதை இன்னும் சுவாரசியமானது. பிரான்ஸின் தென்கரையில் இருக்கிற நீஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஆங்கிலேயப் பணக்காரரும் நோயாளரும் தங்கட ஊர்க் குளிருக்குத் தப்பி அங்கே வந்து தங்கினார்கள். அவர்கள் வந்தது மாரியில். 1820களில் அவர்களுடைய காசில் கடலோரமாய் ஒரு நடைபாதை போடப்பட்டது. இன்றைக்கும் அதன் பெயர் ‘ஆங்கிலேயர் நடைபாதை’தான். விக்டோரியா மகாராணியும் 1890களில் அங்கே போய்த் தங்கியிருக்கிறார். ஆனால் கோடை வந்தால் அந்தக் கரையில் ஹோட்டல்கள் கதவைப் பூட்டிவிடும். கொளுத்துகிற வெயிலில் கடற்கரைக்கு யார் போவான் எண்டதுதான் அன்றைய எண்ணம்.

1923இல் ஜெரல்ட் மேர்ஃபி, சாரா மேர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர், பக்கத்து ஊரான அன்டீபில் வழக்கமாகக் கோடையில் பூட்டுகிற ஒரு ஹோட்டலைத் திறந்து வைக்கச் செய்தார்கள். எழுத்தாளரும் ஓவியரும் அவர்களைத் தேடி வந்தார்கள். வெயிலில் தோல் கறுப்பது நாகரிகமாக மாறியது. சில வருடங்களுக்குள் அந்தக் கரைக்குக் கோடையே சீசனாகிவிட்டது. கடலும் வெயிலும் பழையபடியே இருந்தன. மாறினது வருகிறவர்களின் விருப்பம்தான்.

இலங்கைக்கும் இந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. 1966இல் சுற்றுலாச் சபை உருவாக்கப்பட்டது. அடுத்து 1967 முதல் 1976 வரைக்கான பத்தாண்டுப் பெருந்திட்டம். அது நாட்டில் தெரிந்தெடுத்த ஐந்து சுற்றுலா வலயங்களில் கிழக்குக் கரையும் ஒன்று. ஐரோப்பாவில் பனி கொட்டுகிற டிசம்பரில் தெற்கும் மேற்கும் வெயிலோடு இருக்கும். ஐரோப்பியருக்குக் கோடை லீவு கிடைக்கிற யூலை, ஓகஸ்டில் தெற்குக் கடல் குழம்பும், கிழக்கு தெளிந்திருக்கும். ஆக, ஒரு கரை ஓய்கிற நேரம் மற்றக் கரையை விற்கலாம். கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழும்பின. 1982இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 4 இலட்சத்தைத் தாண்டினார்கள். அடுத்த வருடம் கறுப்பு யூலை. கிழக்கின் ஹோட்டல்கள் போருக்குள் பாழடைந்தன.

டிசம்பரின் கணக்கு

இனி, எங்கட நண்பனின் அம்மா ஏன் கடலைப் பார்க்கிறதில்லை எண்ட விஷயம்.

கிழக்குக் கரையின் நினைவில் பெரிய அழிவுகள் பல, நாங்கள் ‘மலிவு மாதம்’ எண்டு நினைத்த இந்த மாரிக்குள்தான் வருகின்றன. 1957 டிசம்பரில் பெருவெள்ளம். 1964 டிசம்பர் 22, 23இல் வந்த புயல் திருகோணமலையையும் வடக்கையும் அடித்து, அக்கரையில் தனுஷ்கோடியையே இல்லாமல் செய்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாய்ச் சாய்ந்தன. எங்கட அம்மம்மாக்கள் இன்றைக்கும் ஒரு பிள்ளையின் வயதைச் சொல்லும்போது “சூறாவளிக்கு முந்திப் பிறந்தவன்” எண்டுதான் சொல்வார்கள். வருடம் சொல்லத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி நாள், நத்தாருக்கு அடுத்த நாள். நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. கூடுதலாக இறந்தது அம்பாறை மாவட்டத்தில். மட்டக்களப்பில் நாவலடி போன்ற இடங்களில் குடும்பம் குடும்பமாய்ப் போனார்கள். சுனாமி வந்தபோது எங்களில் சிலர் கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. எங்கட நண்பனுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறா. அவன் அவவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

போரும் மாரியை விட்டுவைக்கவில்லை. 2006 நவம்பர் 8இல் கதிரவெளியில், இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பாடசாலை மீது செல் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2007 சனவரி வரை, மழைக்குள்ளால் வாகரையிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் கால்நடையாய் வெளியேறியது. கல்குடாவுக்கு வடக்கே அதே கரைதான்.

200 மீற்றர்

சுனாமிக்குப் பிறகு அரசு ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. பாதுகாப்பு எண்டு காரணம் சொன்னார்கள். ஆனால் அதே கரையில் ஹோட்டல்களுக்கு இடம் இருந்தது. அறுகம்பையில் இதற்கு எதிராக மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். நவோமி க்ளைன் தன்னுடைய புத்தகம் ஒன்றில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அலை மீனவனின் வீட்டைத்தான் அடிக்கும், ஹோட்டலை அடிக்காதா எண்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் கன பேர் கரையை விட்டுப் போயிருந்தார்கள்.

போர் முடிந்ததும் பாசிக்குடா சுற்றுலா வலயமாயிற்று. 2011 தொடக்கம் பெரிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. வேலை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தோணி இழுத்து வைக்கிற கரை சுருங்கிவிட்டதெண்டு மீனவர்கள் தொடர்ந்து முறையிட்டு வந்திருக்கிறார்கள். ஆக, ‘சீசன்’ எண்ட சொல் மாதத்தை மட்டும் பிரிக்கவில்லை. கரையில் எந்த இடம் யாருக்கு எண்டும் பிரித்துவிட்டது.

அப்ப, போறதா இல்லையா?

இவ்வளவையும் வாசித்த பிறகு எங்களுக்குள் இரண்டு கட்சி. போகவே கூடாது எண்டது ஒரு கட்சி. சாவு நடந்த இடத்துக்குச் சலுகை விலையில் போய்ப் படம் எடுக்கிறதா எண்டு கேட்டார்கள். மற்றக் கட்சி சொன்னது: ஓகஸ்டில் மட்டும் போனால் வெயிலும் நீலத் தண்ணியும்தான் தெரியும், ஊர் தெரியாது.

முடிவைச் சொன்னது நண்பனின் அம்மா. அவன் போனில் கேட்க, அவ சொன்னது இவ்வளவுதான்: “வரச் சொல்லு மனே. வீட்டில நில்லுங்க. கடலுக்குள்ள ஒருத்தரும் இறங்கப்படாது. இருபத்தாறாந் திகதி என்னோட விளக்குக் கொளுத்த வரட்டும்.”

ஆகவே திட்டத்தை மாற்றினோம். ஹோட்டல் இல்லை. உதயதேவியில் மட்டக்களப்பு, அங்கே நாலு நாள். கல்குடாவுக்கும் வாகரைக்கும் பஸ்ஸில் ஒரு நாள். மழை கூடினால் அதுவும் இல்லை. குடையும் மாற்றுச் செருப்பும் கட்டாயம். வாவி மீனும் வீட்டுச் சோறும் சாப்பிடுவோம், அதற்கான காசை முதலே அவவிடம் கொடுத்துவிடுவோம். முகத்துவாரம் வெட்டினால் போய்ப் பார்ப்போம். 78 சூறாவளியைக் கண்டவர்கள் கதைக்க விரும்பினால் உட்கார்ந்து கேட்போம், அவர்கள் ஓமெண்டால் மட்டும் பதிவு செய்வோம்.

டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிஷம் மௌனம். பாடசாலைக் காலத்தில் அந்த இரண்டு நிமிஷமும் எப்ப முடியும் எண்டு பார்த்துக்கொண்டு நின்ற ஆட்கள் நாங்கள். இந்த முறை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்போம்.