கசப்பும் நாக்கும்

நமது விமர்சனத்தில் ‘சுவை’ என்ற சொல் வெகு காலமாக ஒரு சௌகரியமான உருவகம். ரசனையை முன்வைத்த க.நா.சு.வும், அலசலை வலியுறுத்தி 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்த சி.சு. செல்லப்பாவும் எவ்வளவோ விஷயங்களில் மாறுபட்டார்கள். அவர்கள் வழியில் வந்த நாம் இரு தரப்பிலும் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்: நாக்கு எல்லோருக்கும் ஒன்று, பயிற்சிதான் வேறு. ஒரு படைப்பு ஒருவனுக்கு எட்டவில்லை என்றால் அவன் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உருவகத்தை விட்டு, வாய்க்குள் இருக்கும் நிஜ நாக்கின் சரித்திரத்தைப் பார்த்தால் விஷயம் இவ்வளவு சுலபமில்லை.

இந்தப் பழக்கம் பழையது. குறுந்தொகை 196இல், மிளைக்கந்தன் பாட்டில், தோழி தலைவனைக் குத்திக் காட்டுகிறாள். அன்று அவள் கொடுத்தால் வேப்பங்காயும் தித்தித்தது. இன்று பாரியின் பறம்பு மலைச் சுனைநீரிலும் குறை காண்கிறான். மாறியது நாக்கல்ல, மனம். தோழி சொன்னது சரி. ஆனால் சுவையில் காணும் எல்லா வேற்றுமையையும் இப்படியே படித்துப் பழகிவிட்டோம்.

வேறு விதமான வேற்றுமை ஒன்று உண்டு என்பது 1931இல் ஒரு சச்சரவின் மூலம் தெரியவந்தது. அமெரிக்காவில் வில்மிங்டனில், டூபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில், ஆர்தர் ஃபாக்ஸ் என்ற ரசாயனி பினைல்தயோகார்பமைடு என்ற பொடியைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். தூள் பறந்தது. கூட இருந்த நோலர் கசக்கிறது என்றார். நெருக்கத்தில் நின்ற ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மண் மாதிரி இருந்தது. நோலரும் வைத்துப் பார்த்தார். சகிக்க முடியாத கசப்பு. இருவரும் தத்தம் நாக்கின் மேல் ஆணையாக வாதாடினார்கள். தீர்வு வாதத்தில் கிடைக்கவில்லை. ஃபாக்ஸ் பொடியைக் கண்டவரிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கசந்தது, சிலருக்குக் கசக்கவில்லை. வயசோ, ஆணா பெண்ணா என்பதோ அதைத் தீர்மானிக்கவில்லை.

அந்த வருஷ டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் விஞ்ஞானக் கூட்டத்துக்கு வந்த சுமார் 2,500 பேருக்கு அந்தப் பொடி கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 65 சதவீதம் பேர் கசப்பு என்றார்கள். 28 சதவீதம் பேர் ருசியே இல்லை என்றார்கள். மிச்சப் பேர் வேறு ஏதோ சுவை சொன்னார்கள். இந்த மிச்சப் பேர்மீது எனக்கு விசேஷ மரியாதை உண்டு. பிளேக்ஸ்லீ, ஸ்னைடர் இருவரும் குடும்பம் குடும்பமாகச் சோதித்து இது பரம்பரைக் குணம் என்று காட்டினார்கள். கசப்பு அறியாத இரு பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் கசப்பு அறியாதவர்களே. 1939 ஆகஸ்டில், யுத்தம் தொடங்கும் தறுவாயில், எடின்பரோ மரபியல் மாநாட்டுக்கு வந்திருந்த ஃபிஷரும் ஃபோர்டும் ஹக்ஸ்லியும் மிருகக்காட்சிசாலைக்குப் போய் சிம்பன்ஸிகளுக்குக் கரைசலைக் கொடுத்தார்கள். அவற்றிலும் இரு வகை! இந்தப் பிளவு மனிதனுக்கு முந்தியது என்று முடிவு கட்டினார்கள். அது தவறு என்று 2006இல் தெரிந்தது. சிம்பன்ஸி கசப்பை இழந்த மரபணு மாற்றம் வேறு, மனிதன் இழந்தது வேறு.

இந்திய மானிடவியலாளர்களும் இந்தப் பொடியைத் தூக்கிக்கொண்டு சாதி சாதியாக, பழங்குடி பழங்குடியாக அலைந்தார்கள். மனிதரை வகைப்படுத்த இன்னொரு அளவுகோல் கிடைத்தது என்ற உற்சாகம். மேற்கு ஆப்பிரிக்காவில் சில இடங்களில் கசப்பு அறியாதவர் 3 சதவீதம். இந்தியாவில் சில கணக்குகளில் 40க்கும் மேல். விகிதம் ஏறி இறங்கியதே தவிர, பிளவு திரும்பத் திரும்ப ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளேயே ஓடியது. ஒரே வீட்டில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கிடையே.

மணவூரில் இருப்பவனுக்கு இது முக்கியமாகப் படுகிறது. திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது 1960இல். கோட்டை நகர்த்தினார்கள், வீடுகளுக்குள் பேச்சு நகரவில்லை. தெலுங்கு வீட்டில் உகாதிக்கு வேப்பம்பூ, தமிழ் வீட்டில் சித்திரை முதல் தேதிக்கு வேப்பம்பூ. அங்கே ‘சேது’, இங்கே ‘கசப்பு’. நாக்குகளுக்கிடையே உள்ள எல்லைக்கோடு இந்த எல்லை வழியாகப் போகவில்லை.

2003இல் ட்ரேனா குழுவினர் ஏழாவது குரோமோசோமில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் புரதத்தில் மூன்றே இடங்கள், 49, 262, 296, வேறுபடுவதால் பொடி ஒருவருக்குக் கசக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. அப்படியானால் கசப்பு பொடியில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா? இரண்டிலும் இல்லை, இரண்டும் பொருந்தும் இடத்தில் நிகழ்கிறது. அதோடு, கசப்புக்கென்று மனிதனுக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. இந்தப் பொடியை அறியாத நாக்கு வேம்பை நன்றாகவே அறியும். ஒரு கசப்புக்குக் குருடாக இருப்பவன் எல்லாக் கசப்புக்கும் குருடனல்ல.

நம் ரசனைச் சண்டைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிட நான் தயாரில்லை. கவிதை பொடியல்ல, வாசிப்புக்கு மரபணு தேடுவது அசட்டுத்தனம். தலையெண்ணி முடிவு செய்வதும் உதவாது. 28 சதவீதம் பேருக்குக் கசக்கவில்லை என்பதால் 65 சதவீதம் பேரின் கசப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் ஃபாக்ஸ் செய்த ஒரு காரியம் நமக்கு வேண்டியது. தன் நாக்கில் ஒன்றும் தெரியாதபோது எதிராளியைப் பொய்யன் என்று சொல்லிவிட்டுப் போகாமல், தனக்கு எட்டாத ஒன்று இருக்கக்கூடும் என்று மேலே போனார்.

இன்னொன்று. பச்சடியை முகம் சுளிக்காமல் விழுங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கசப்பு அவ்வளவாக எட்டாதவன் ஒருவன். முழுக்க எட்டி, அதை ஏற்றுக்கொண்டவன் மற்றவன். வெளியிலிருந்து பார்த்தால் இருவர் முகமும் ஒன்றுதான். இருண்ட கதையொன்றைப் படித்துவிட்டு நிதானமாக இருக்கும் வாசகனை உடனே முதிர்ச்சி பெற்றவன் என்று பாராட்டுகிறோம். அவன் இவர்களில் யார் என்று கேட்பதில்லை. விமர்சகனைப் பற்றியும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.