பூட்டி பேரு என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு ஓய்வா இருக்கும்போது படிங்க.

போன வருஷம் ஆடி அமாவாசை. விடிய விடியவே நம்ம கோயில் மண்டபத்தில் தர்ப்பணத்துக்கு வரிசை நின்னுடுச்சு. தொண்டர்கள் நாங்க எள்ளு, தர்ப்பை, வாழை இலை எல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு இருந்தோம். ஒரு அக்காவும் அவங்க தம்பியும் வந்தாங்க. தம்பி உட்கார்ந்தார். குருக்கள் ஐயா அப்பா, தாத்தா, பூட்டன்னு மூன்று தலைமுறைப் பேரைக் கேட்டார். மூணும் வந்தது. அடுத்து அம்மா, அப்பாயி, பூட்டி. அம்மா பேரு சொன்னார், அப்பாயி பேரு அக்கா எடுத்துக் கொடுத்தாங்க. பூட்டி பேரு மட்டும் வரல. "பெரியாயான்னுதான் சாமி வீட்ல சொல்வாங்க" என்றார் தம்பி.

குருக்கள் ஐயா கோவிக்கல. "உறவைச் சொல்லியே கொடுக்கலாம்ப்பா, அதுக்கும் வழி இருக்கு" என்று முடித்து வைத்தார். ஆனா அந்த அக்காவுக்கு மனசு ஆறல. வெளியே வந்து எங்ககிட்ட சொன்னாங்க: "கடல் தாண்டி வந்தவங்க. நாலாவது தலைமுறையிலேயே பேரு சொல்ல ஆளில்லாம போச்சே தம்பி."

அன்னைக்கு அதே இடத்தில் தடுமாறினவங்க அவங்க மட்டுமில்ல. ஆம்பளைங்க பேரு ஓரளவு வருது, பொம்பளைங்க பேருதான் நிக்குது. காரணத்தை உங்க ஐசியிலேயே பார்க்கலாம். ஏ/எல், ஏ/பி-க்குப் பிறகு அப்பா பேரு மட்டும்தான். அப்பா ஐசியில் தாத்தா பேரு, தாத்தா ஐசியில் பூட்டன் பேரு. இப்படி ஆண் வழி ஒரு சங்கிலி மாதிரி ஓடும். அம்மா பேரு அதில் எங்கேயும் ஒட்டாது. ஒரு பொம்பளை செத்து, அவங்க பேரப்பிள்ளைங்களும் போயிட்டா, பேரும் கூடவே போயிடும்.

சரி, தேடிப் பார்ப்போம்னு நாங்க நாலஞ்சு பேர் இறங்கினோம். எங்களில் யாரும் வரலாறு படிச்சவங்க இல்ல. ஒருத்தர் லாரி ஓட்டுநர், ஒருத்தர் ஓய்வு பெற்ற ஆசிரியை.

முதல் தடயம் சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அக்கா வீட்டில் பெரியப்பா படம் ஒண்ணு மாட்டியிருந்தாங்க. சட்டத்தைக் கழற்றினால் பின்னால் மடிச்சு வச்ச ஒரு நாளிதழ்த் துண்டு, பழுப்பேறி. 1980களில் தமிழ் நேசனில் வந்த மரண அறிவித்தல். நம்ம ஆளுங்க இதைச் செய்வாங்க, படத்துக்குப் பின்னால்தான் காகிதத்தை வைப்பாங்க. உங்க வீட்டிலும் பாருங்க. 1924இல் தொடங்கிய நேசன் 2019இல் நின்னுபோச்சு. அதில் வந்த கண்ணீர் அஞ்சலியும் கருமக்கிரியை அறிவிப்பும் பல வீட்டில் இப்படித்தான் மிச்சம் இருக்கு.

மரண அறிவித்தலை நாம இறந்தவருக்காகப் படிக்கிறோம். தேடுறவங்க கீழே இருக்கிற சொந்தக்காரங்க பட்டியலைத்தான் படிக்கணும். யாருடைய மாமனார், யாருடைய மைத்துனர், எந்த ஊர் மருமகன், எத்தனை மணிக்கு எந்த வீட்டிலிருந்து ஊர்வலம் புறப்படும், எல்லாம் அதில் இருக்கும். இந்தத் துண்டில் கடைசி வரிக்கு முந்தின வரியில் "அத்தை, சுங்கை பட்டாணி" என்று ஒரு பெயர். அக்காவுக்கு ஆச்சரியம். பெரியப்பாவுக்கு அத்தைன்னா தாத்தாவோட கூடப்பிறந்தவங்க. அப்படி ஒருத்தர் இருந்ததே இந்த வீட்டுக்குத் தெரியாது. எப்பவோ ஏதோ மனஸ்தாபம், போக்குவரத்து நின்னுபோச்சு.

அதற்குள் தாத்தா கல்லறையைப் பார்க்கப் போனோம். "நாம எரிக்கிறவங்கதானே, கல்லறை எங்கேருந்து வரும்?"னு சிலர் கேட்பீங்க. தோட்டங்களில் புதைச்சதும் நிறைய. பால்மரம் போய் இப்ப செம்பனை வந்துட்ட அந்தத் தோட்டத்தில், ஓடைக்கு மேட்டுப்பக்கம் ஒரு இடுகாடு. ஈர சிமெண்டில் ஆணியால் கீறி எழுதிய கல்லுங்க. வெயில் உச்சிக்கு வந்துட்டா ஒரு எழுத்தும் தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கொஞ்சம் தண்ணி தெளிச்சா எழுத்து மேலே வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, மேலே பெயிண்ட் அடிக்காதீங்க. ஒரு கல்லில் யாரோ பாசமா பெயிண்ட் அடிச்சு, "சு" எதுவோ "க" எதுவோ தெரியாம பண்ணியிருந்தாங்க.

இங்கே நாங்க ரெண்டு தப்பு செஞ்சோம். ஒளிக்காம சொல்றோம்.

தாத்தா பேரு இருந்த கல்லைப் பார்த்ததும் கற்பூரம் ஏத்திட்டோம். கும்பிட்டுத் திரும்பினா நாலு கல்லு தள்ளி அதே பேரு இன்னொண்ணு. ஒரே தோட்டத்தில் ஒரே பேருல ரெண்டு பேர் இருக்கிறது சாதாரண விஷயம். அதனாலதான் கிராணிங்க பேரோட அப்பா பேரையும் சேர்த்து எழுதுவாங்க. ரெண்டாவது கல்லில்தான் பூட்டன் பேரும் சேர்ந்து இருந்தது. முதல் கல்லுக்காரருக்கும் ஒரு கற்பூரம் கிடைச்சதில் குறை ஒண்ணுமில்ல, ஆனா திதி குறிச்சுக் கொடுத்திருந்தா?

அதில்தான் அடுத்த தப்பு. கல்லில் ஆங்கிலத் தேதி இல்ல. "விளம்பி ௵ தை ௴ 12 ௳" என்று இருந்தது. இந்த மூணு குறியும் இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது. வருஷம், மாசம், தேதி, அவ்வளவுதான். தமிழ் வருஷம் 60க்கு ஒருமுறை திரும்பி வரும். விளம்பின்னா 1898ஆ இருக்கலாம், 1958ஆ இருக்கலாம். தாத்தா வயசுக்கு 1898 ஒத்துவராது. அப்போ 1958, தை 12ன்னா ஜனவரி 25, 1958 என்று எழுதிக் குருக்கள் ஐயாகிட்ட கொடுத்தோம். அவர் பார்த்துட்டுச் சிரிச்சார். "வருஷம் பொறக்கிறது சித்திரையில. விளம்பி 1958 ஏப்ரல்ல பொறந்தா, அதோட தை மாசம் எப்ப வரும்?" 1959 ஜனவரி! ஒரு வருஷம் தள்ளினா திதி 11 நாள் அளவுக்கு நகர்ந்துடும். பௌர்ணமியை ஒட்டி வரவேண்டிய திதியை நாங்க வளர்பிறை சஷ்டிப் பக்கம் கொண்டுபோய் வச்சிருந்தோம். தை, மாசி, பங்குனி என்று கல்லில் இருந்தா நினைவு வச்சிக்குங்க, ஆங்கில வருஷத்தில் ஒண்ணு கூடும்.

கல்லின் அடியில் "தென்னாற்காடு ஜில்லா" என்று இருந்தது. இந்தப் பேருல இப்ப மாவட்டமே இல்ல. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிஞ்சுடுச்சு. அதே மாதிரி பழைய திருச்சி ஜில்லான்னு இருந்தா இப்போ கரூர், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமும் தேடணும். சேலம்னா நாமக்கல்லும். தஞ்சாவூர்னா நாகப்பட்டினம், திருவாரூரும். ஊருக்குப் போய்த் தேடின சிலர் இது தெரியாம திரும்பி வந்திருக்காங்க.

வீட்டுக் கதைகளையும் அப்படியே எடுத்துக்க முடியாது. எல்லார் வீட்டிலும் தாத்தா ரஜூலா கப்பலில்தான் வந்தார். ரஜூலா கட்டினது 1926. அதுக்கு முந்தி வந்தவங்க வேற கப்பல். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்னது. கங்காணி மூலமா தோட்டத்துக்கு ஆள் அனுப்புறதை 1938இல் இந்திய அரசாங்கம் தடை செஞ்சது. உங்க பூட்டன் கங்காணியோடு வந்தார்னா 1938க்கு முன்னாடின்னு பெரும்பாலும் சொல்லலாம். இதெல்லாம் கதையைப் பொய்யாக்க இல்ல. அந்த அக்கா வீட்டில் "பெரியாயா கைப்பிள்ளையோட ரஜூலாவில் வந்தாங்க"ன்னு சொல்வாங்க. தாத்தா பிறந்தது 1926க்கும் முன்னாடின்னு கல்லில் இருந்த வயசே காட்டுது. அப்போ அந்தக் கைப்பிள்ளை தாத்தாவா, இல்ல அவருக்குப் பிறகு வந்த பிள்ளையா? இந்தக் கேள்விதான் எங்களைத் திரும்ப சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோச்சு.

அந்த அத்தை காலமாகி பல வருஷம் ஆச்சு. அவங்க மகன், எழுபது தாண்டியவர், நாங்க போனதும் முதலில் சந்தேகமாத்தான் பார்த்தார். "சொத்து விஷயமா?"ன்னு நேராவே கேட்டார். நாளிதழ்த் துண்டைக் காட்டினதும் முகம் மாறிச்சு. உள்ளே போய் ஒரு மைலோ டின்னைத் தூக்கிட்டு வந்தார். பழைய ஐசி, கூட்டுறவுச் சங்கப் பங்குத் தாள், அடியில் அவங்க அம்மாவோட பெரானாக். தாத்தா ஊரில் பிறந்தவர், அவருக்கு இங்கே பிறப்புப் பதிவே கிடையாது. தங்கச்சி 1930களில் இங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க. அந்தத் தாளில் "தாயார் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் பெரியாயா.

நேர் வழியில் கிடைக்காத அம்மா பேரு, கூடப்பிறந்தவங்க தாளில் கிடைக்கும். எங்களுக்கு இது தெரிய ஏழு மாசம் ஆச்சு. நீங்க கடைசித் தம்பி, கடைசித் தங்கச்சி தாளிலிருந்தே ஆரம்பிங்க.

ஆனா எழுதினது ஆங்கிலத்தில். கிராணி காதில் விழுந்தபடி எழுதியிருக்கார். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூணுக்கும் ஒரே எழுத்து. குறில் நெடில் கிடையாது. அந்தப் பேரை நாங்க மூணு விதமா படிச்சோம், மூணும் பேருதான். எதைச் சொல்லித் தண்ணி விடுறது?

பதில் அந்த வீட்டு அடுப்படியில் இருந்தது. அந்த ஐயாவோட வீட்டம்மா எங்களுக்குத் தண்ணி கொடுத்த பித்தளைச் சொம்பை எங்க ஆசிரியை அம்மா கவுத்துப் பார்த்தாங்க. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியா வெட்டின எழுத்து, தமிழில். ஒரு முதலெழுத்து, அப்புறம் பேரு. ழகரம் போட்டு. நம்ம பொம்பளைங்க பேரைக் கல்லில் வெட்டல, காகிதத்தில் எழுதல. பாத்திரத்தில் வெட்டினாங்க, கல்யாணத்துக்கு இரவல் போனா திரும்பி வரணும்னு. அந்த வீட்டில் ரொம்ப நேரம் யாரும் பேசல. அந்தப் பேரை இங்கே எழுத மாட்டோம். அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒரு உறுத்தல் இருக்கு. போன கும்பாபிஷேகத் திருப்பணியில் நம்ம கோயில் பிராகாரத்தில் இருந்த பழைய உபயக் கல்லுங்களை எடுத்துட்டுப் புதுக் கிரானைட் போட்டோம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பேரு, ஒரு தோட்டத்துப் பேரு, பத்து வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ கொடுத்தவங்க. பொம்பளைங்க பேரும் அதில் நிறைய இருந்தது. ஒரு படம்கூட எடுக்காம உடைச்சு லாரியில் ஏத்தி அனுப்பினது நாங்கதான். அப்போ அது குப்பையா தெரிஞ்சது.

இன்னொரு விஷயம். சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவங்க குடும்பம் நம்ம கோயிலிலும் இருக்கு. 1942, 43இல் மலாயா தோட்டங்களிலிருந்து போன நம்மவங்க பல்லாயிரம் பேர். 415 கிலோமீட்டர் பாதை ஓரத்தில் விழுந்தவங்களுக்கு யாரும் பேரு எழுதின கல் நடல. காஞ்சனாபுரிக்குப் போனீங்கன்னா வரிசை வரிசையா போர்வீரர் கல்லறை பார்ப்பீங்க, அதில் நம்ம தாத்தாவைத் தேடாதீங்க. இவங்களுக்குத் தேதியும் கிடையாது, திதியும் கிடையாது. குருக்கள் ஐயா சொல்றது, தேதி தெரியாதவங்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை. அன்னைக்கு அவங்க பேரையாவது கொண்டுவாங்க.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அந்தத் தம்பி திரும்ப வந்தார். சுங்கை பட்டாணி ஐயாவும் கூட வந்திருந்தார், ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. அப்பா, தாத்தா, பூட்டன். அம்மா, அப்பாயி. குருக்கள் ஐயா நிமிர்ந்து பார்த்தார். தம்பி பேரைச் சொன்னார். அக்கா பின்னால் நின்னு வாய்க்குள்ளே கூடவே சொன்னாங்க.

மகாளய அமாவாசை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் நாங்க அன்னதானக் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கல்லறைப் படம், நாளிதழ்த் துண்டு, பெரானாக், எது இருந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு வாங்க. அசல் தாளைக் கொண்டு வந்து தொலைச்சிடாதீங்க. நம்ம கோயில் பழைய கும்பாபிஷேக மலர், உபயக் கல்லு தெரியிற பழைய கல்யாணப் படம், ரசீதுப் புத்தகம் யார்கிட்டயாவது இருந்தா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. பிராகாரத்தில் எடுத்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பொண்ணு காலுக்குக் கீழே நாலு பேரு தெளிவா தெரியுது, இதுவரைக்கும் அதுதான் எங்களுக்குக் கிடைச்சது.