குளியலறை மூலையில் இரண்டு அங்குலத் தண்ணீர்



குளியலறையைப் புதுப்பிக்க முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் கடையில் அரை நாள் போகும். குழாய், ஷவர் பார்க்க இன்னொரு அரை நாள். ஆனால் தண்ணீர் வெளியேறும் அந்த மூலைக்கு நம்மில் யாரும் ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. பிளம்பர் எதை வாங்கி வருகிறாரோ அது அங்கே உட்கார்ந்துவிடும். அந்த மூலைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஓர் அத்தியாயம் நம் குடியிருப்பைப் போன்ற ஓர் அடுக்குமாடியில் நடந்தது. ஜாலி வாங்கப் போவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

கி.மு. 2500 வாக்கில் சிந்து நதிக்கரையில் செழித்திருந்த மொகஞ்சதாரோவில், வீடுகளுக்குள்ளேயே குளிப்பதற்கென்று தனி இடம் இருந்தது. சுட்ட செங்கற்களை இடைவெளியில்லாமல் நெருக்கிப் பதித்து, ஒரு மூலையை நோக்கி வாட்டம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து தண்ணீர் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவில் இருந்த மூடிய சாக்கடைக்குப் போனது. இன்றைக்கும் ஒரு நல்ல கொத்தனார் செய்யும் வேலை இதுதான்: தண்ணீர் இறங்காத தரை, சரியான வாட்டம், மூலையில் வடிகால்.

நம் பழைய வீடுகளிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. தண்ணீர் புழங்கும் இடத்தை அங்கணம் என்றார்கள். திருக்குறளின் ‘அவையறிதல்’ அதிகாரத்தில் வரும் அளவுக்குப் பழைய சொல் அது. முற்றத்துத் தண்ணீர் சலதாரை வழியாக வெளியே ஓடும். கழிப்பிடம் கொல்லையின் கோடியில் இருக்கும். நாற்றம் இருந்தாலும் அது வானத்துக்குப் போய்விடும். வீட்டுக்குள் அதைத் தடுக்க ஒரு பொறி தேவைப்படவில்லை.

கழிப்பறையும் குளியலறையும் வீட்டுக்குள் வந்து, ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கப்பட்டபோதுதான் பிரச்சினை தொடங்கியது. தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய், கீழே இருக்கும் காற்றை மேலே ஏற்றவும் செய்யும். தண்ணீர் போக வேண்டும், காற்று வரக் கூடாது. இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளர். 1775இல் லண்டனில் அவர் பெற்ற கழிப்பறைக் காப்புரிமையில், வெளியேறும் குழாய் ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல் வளைந்திருந்தது. ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் அந்த வளைவிலேயே தங்கும். அந்தத் தண்ணீரே கதவு. அடுத்த முறை ஊற்றும்போது பழையது போய்ப் புதியது தங்கும். அசையும் பாகம் எதுவும் இல்லை, தேய்வதற்கும் எதுவும் இல்லை.

இந்தக் கதவு எவ்வளவு அவசியம் என்பதை லண்டன் மெதுவாகத்தான் கற்றது. 1858 கோடையில் தேம்ஸ் நதியே சாக்கடையாகி நாறியதும், நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் இயற்றியதும், பசால்கெட் என்ற பொறியாளர் நகரம் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை அமைத்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அதன்பிறகும் வீட்டுக்குள் இருந்த குழாய்கள் மோசமாகவே இருந்தன. 1871இல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஸ்கார்பரோ நகரில் ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கிவிட்டு வந்து, டைபாய்டில் சாகக் கிடந்தார். அவர் பிழைத்தார், அதே மாளிகையில் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தார். பழி அந்த வீட்டின் சாக்கடை மேல் விழுந்தது. பணக்கார வீடுகளிலும் குழாய்களைச் சோதிக்கும் வழக்கம் அதன்பின் வலுத்தது.

அந்த வளைவின் வாரிசுதான் நம் தரைக்குள் புதைந்திருக்கும் ட்ராப். நம் பிளம்பர்கள் ‘நஹானி ட்ராப்’ என்பார்கள். மராத்தியில் குளிக்கும் இடத்துக்குள்ள பெயரிலிருந்து வந்த சொல் அது. அதில் எப்போதும் குறைந்தது 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

இப்போது அந்த அடுக்குமாடிக்கு வருவோம். ஹாங்காங்கில் ஆமோய் கார்டன்ஸ் என்று ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. அதன் ‘இ’ பிளாக் 33 மாடி. மாடிக்கு எட்டு வீடு. 2003 மார்ச்சில், சார்ஸ் தொற்றிய ஒருவர் அங்கே உறவினர் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அந்தக் குடியிருப்பில் 321 பேருக்குத் தொற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘இ’ பிளாக்கில் மிஞ்சியிருந்தவர்களை அரசு மொத்தமாக முகாம்களுக்கு அப்புறப்படுத்தியது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத வீடுகளில் எப்படிப் பரவியது? விசாரணை கடைசியில் குளியலறைத் தரைக்கு வந்து நின்றது. அங்கே பெரும்பாலோர் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை; துடைப்பதோடு சரி. அதனால் தரை ட்ராப்களில் இருந்த தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கதவு திறந்து கிடந்தது. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது பொதுக் குழாயிலிருந்த காற்றை, கிருமி கலந்த நுண்துளிகளோடு, வீட்டுக்குள் இழுத்தது. விரிசல் விட்ட காற்றுக் குழாய், கட்டடங்களுக்கு இடையிலான குறுகிய வெளி என வேறு காரணங்களும் சேர்ந்தன. ஆனாலும் வற்றிய ட்ராப்தான் முதன்மையான வழிகளில் ஒன்று என்று ஹாங்காங் சுகாதாரத் துறை முடிவு செய்தது.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ட்ராப் உங்கள் வீட்டுத் தரைக்குள் இருந்தாலும், அது காப்பது உங்களை மட்டும் அல்ல என்பதைச் சொல்லத்தான். பழைய கட்டடங்கள் பலவற்றில் குளியல் தண்ணீருக்கு ஒரு குழாயும் கழிப்பறைக்கு இன்னொன்றும் தனித்தனியே இறங்கும். கீழே கல்லி ட்ராப் ஒரு காவலாக இருக்கும். ஒரே குழாயில் எல்லாம் இறங்கும் கட்டடங்களில், தரை ட்ராப்பின் இரண்டு அங்குலத் தண்ணீரே ஒரே காவல்.

இனி, வாங்கும்போதும் வேலை நடக்கும்போதும் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, ஜாலி வேறு, ட்ராப் வேறு. மேலே தெரியும் எஃகு ஜாலி முடியைத்தான் பிடிக்கும், காற்றைத் தடுக்காது. நீளமான ‘லீனியர்’ வடிகால் பார்க்க அழகுதான். அதற்குக் கீழே முறையான ட்ராப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மணியைக் கவிழ்த்தாற்போன்ற மூடி உள்ள ஆழமில்லாத ட்ராப்களில் தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கும், சீக்கிரம் வற்றும். சுத்தம் செய்யக் கழற்றிய மூடியைத் திரும்பப் போட மறந்தால் கதவே இல்லை. கடையிலேயே அளவு பார்த்து 50 மி.மீ. உள்ளதை வாங்குங்கள்.

மூன்றாவது, கரப்பான் பூச்சியைத் தடுக்கும் ஸ்பிரிங், காந்தம், சிலிகான் வைத்த ஜாலிகள் கூடுதல் பாதுகாப்புக்கு நல்லவை. ஆனால் முடி சிக்கினால் அவை முழுதாக மூடாது. தண்ணீர் நிற்கும் ட்ராப்புக்கு அவை மாற்று ஆகாது.

நான்காவது, பழைய ட்ராப்பை உடைத்துவிட்டு நேர்க்குழாய் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘தண்ணி வேகமா போகும் சார்’ என்பார்கள். உண்மைதான், காற்றும் அதே வேகத்தில் மேலே வரும்.

ஐந்தாவது, வாட்டம் மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. இருக்கட்டும். டைல் ஒட்டுவதற்கு முன் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிச் சோதியுங்கள். ட்ராப்பும் தளமும் சேரும் இடம்தான் கசிவுக்குப் பெயர்போனது. கீழ் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சீலிங்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. யாரும் புழங்காத விருந்தினர் குளியலறையில் வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளைகளைப் பார்க்க இரண்டு மூன்று மாதம் வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும் அன்று தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் ஆவியாவது குறையும். சாவி பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களிடமே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம்.

இன்று இரவு டார்ச்சை எடுத்து ஜாலிக்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பளபளத்தால் கதவு மூடியிருக்கிறது. இருட்டாகத் தெரிந்தால் ஒரு குவளை ஊற்றிவிட்டு, மறுநாள் மறுபடி பாருங்கள். ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லையென்றால், பிளம்பரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.