சர்ஷா என்றொரு பெயர்

போன ஞாயிறு 'புரூக்ளின்' (2015) படம் பார்த்தோம். நாயகியின் பெயரைப் படிக்க முடியாமல் என் மகள் யாழினி திணறினாள். எழுத்துக்கூட்டினால் 'சாய்ர்ஸ்' என்று வருகிறது. அவர் சொல்வதோ 'சர்ஷா'. சிலர் 'சீர்ஷா' என்பார்கள். ஐரிஷ் மொழியில் 'விடுதலை' என்று பொருள்.

சொல் பழையது, பெண் பெயரானது 20ஆம் நூற்றாண்டில்தான். 1922-ல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்தது. அந்தக் காலத்து உணர்வு பெயரிலும் ஒட்டிக்கொண்டது. அபூர்வமாக இருந்த பெயரை வெளியுலகம் அறிந்தது சர்ஷா ரோனனால். 'அடோன்மென்ட்' (2007) படத்துக்காக 13 வயதிலேயே ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். பேட்டிக்குப் பேட்டி உச்சரிப்பைச் சொல்லிக் கொடுக்கிறார், பெயரை மாற்றவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மும்பைப் பள்ளியில் 'யாஜினி' ஆகிப்போன என் மகள், 'ஜினி' என்றே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாள். அன்றிரவு சொன்னாள்: "வேணாம்ப்பா, 'ழ'வை நானே சொல்லிக் குடுத்துக்கறேன்."