நியாயமும் மன்னிப்பும்: ஒரு சொல்லின் வழக்கு

ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஃபையபிள்’ என்றொரு பெயரடை உண்டு. மாணவர் பலர் அதற்கு ‘நியாயமான’ என்று பொருள் எழுதி அமைகின்றனர். அது முற்றும் பொருந்தாது. ‘நியாயமான’ என்பதற்கு நேரானது ‘ஜஸ்ட்’ என்பதே. ‘ஜஸ்டிஃபையபிள்’ என்பதோ ‘நியாயமென்று நிறுவத்தக்க’ எனப் பொருள்படுவது. முதற்பார்வையில் தவறெனத் தோன்றும் ஒரு செயலைக் காரணங்காட்டித் தவறன்றென நாட்ட இயலுமாயின், அவ்விடத்தே இச்சொல் வரும். பசித்தவனுக்குச் சோறிடுவதற்கு எவரும் இதனை அடையாக்குவதில்லை.

இச்சொல்லுக்குக் கூர்மை தந்தது இங்கிலாந்தின் சட்டம். வழிப்பறிக் கள்வனைத் தடுக்கையில் கொன்றவன் செயல் நியாயப்படுத்தத்தக்கது. அவனிடம் குற்றமே இல்லை. திடீர்ச் சண்டையில் உயிர்காக்க வேறு வழியின்றிக் கொன்றவன் செயலோ மன்னிக்கத்தக்கது மட்டுமே. 1769-இல் வெளிவந்த தம் நூலின் நான்காம் தொகுதியில் பிளாக்ஸ்டோன் இவ்விரண்டையும் பிரித்து விளக்கினார். இது வெறும் சொற்சிலம்பம் அன்று. மன்னிக்கப்பட்டவன் தன் உடைமைகளைப் பறிகொடுக்க வேண்டுமென்பது பழஞ்சட்டம். 1828-இல்தான் அது நீக்கப்பட்டது. ஓர் அடைமொழி வீட்டையே காலிசெய்த காலம் அது!

இச்சொல்லின் எல்லையைக் கடுமையாகச் சோதித்தது ‘மிக்னொனெட்’ எனும் சிறு பாய்க்கப்பலின் வழக்கு. 1884 மே மாதம் இங்கிலாந்தினின்று சிட்னிக்குப் புறப்பட்ட அக்கப்பல் சூலை 5-இல் தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. தலைவர் டட்லி, துணைவர் ஸ்டீபன்ஸ், மாலுமி புரூக்ஸ், பதினேழு வயதுப் பணிச்சிறுவன் பார்க்கர் ஆகிய நால்வரும் சிறு படகொன்றில் தத்தளித்தனர். அவர்களிடம் இருந்தவை இரண்டு டின் டர்னிப் கிழங்குகளே, குடிநீர் இல்லை. இடையில் ஓர் ஆமை அகப்பட்டது. ஏறத்தாழ இருபதாம் நாள், நினைவிழந்து கிடந்த சிறுவனை ஸ்டீபன்சின் இசைவோடு டட்லி கொன்றார். மூவரும் அவன் உடலை உண்டனர். நான்கு நாள் கழித்து ஒரு ஜெர்மானியக் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

கரையேறிய டட்லி எதையும் மறைக்கவில்லை. தம் செயல் நியாயப்படுத்தத்தக்கதென அவர் மனமார நம்பினார் போலும். மக்களும் இரங்கினர், சிறுவனின் உடன்பிறந்தவரே டட்லியின் கையைப் பற்றிக் குலுக்கினார். இத்தகைய துயரம் சிங்கப்பூரும் அறியாததன்று. 1874-இல் தீக்கிரையான ‘யூக்சின்’ எனும் நிலக்கரிக் கப்பலின் மாலுமிகள் சிலர், இவ்வாறே ஒருவனை உண்டு உயிர்தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தனர். அவர்கள்மீது எழுந்த குற்றச்சாட்டு இங்கிலாந்தில் விசாரணைக்கு வராமலே கைவிடப்பட்டது.

டட்லி, ஸ்டீபன்ஸ் இருவரும் அவ்வாறு தப்பவில்லை, புரூக்ஸ் சாட்சியானார். நிகழ்ந்தவற்றை மட்டும் உறுதிசெய்த நடுவர் குழு, அது கொலையா எனும் வினாவை நீதிபதிகளிடமே விட்டது. 1884 டிசம்பர் 9-இல் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு தீர்ப்புரைத்தார். ஓர் உயிரைவிட மற்றோர் உயிர் மேலானதென அளப்பவர் யார்? எதிர்க்க வலுவற்ற இளையவனைத் தேர்ந்தது ஏன்? இவ்வினாக்களுக்கு விடையில்லை, ஆகவே பசியின் நெருக்கடி கொலையை நியாயப்படுத்தாது என்பது முடிவு. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பின்னர் அரசியின் கருணையால் அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. தண்டனை குறைந்ததேயன்றிக் கொலை எனும் தீர்ப்பு நீங்கவில்லை. 1885 மே மாதம் வெளிவந்த டட்லி, அன்று சென்றடைய இயலாத சிட்னியில் குடியேறி, 1900-இல் அங்கேயே கொள்ளைநோயால் இறந்தார்.