வால்யூம் குமிழும் அப்பாவின் காதும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் துபாயிலிருந்து கூப்பிட்டார். "சார், வீட்டுக்கு நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேனுங்க. வால்வு நல்லதுங்களா, டிரான்சிஸ்டருங்களா? இப்பெல்லாம் போன்லயே கண்ட்ரோல் பண்ற மாதிரி வருதுங்களே?" என்றார். போனில் இரண்டு வரி சொல்லிவிட்டு, மீதியை எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கதை எங்கெங்கோ போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊருக்கு ரேடியோவும் மில்லும் ஒரே கம்பியில் வந்தவை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1888லேயே ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் நூற்பாலை தொடங்கிவிட்டார். ஆனால் ஊரெல்லாம் மில் சங்கு ஊத ஆரம்பித்தது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். அதே மின்சாரம்தான் வீட்டுக்குள் வால்வு ரேடியோவையும் கொண்டுவந்தது. 1938ல் சென்னை நிலையம், 1939ல் திருச்சி நிலையம். நம்ம ஜி.டி.நாயுடு 1941ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று சொன்னவர். யுஎம்எஸ் என்று பேர் போட்ட ரேடியோக்கள் இந்த ஊரில் செய்யப்பட்டவைதான்.

ரேடியோ பெட்டிக்குள்ளும் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஆனால் சின்னது. பாட்டை உள்ளபடி கேட்க வேண்டும் என்ற ஆசை பெரிதாகக் கிளம்பியது இரண்டாம் உலகப்போருக்குப் பின். 1947ல் வில்லியம்சன் என்பவர் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தை வெளியிட்டார். உலகம் முழுக்க வீட்டிலேயே அதைக் கட்டினார்கள். 1954ல் முல்லார்டு கம்பெனி ஐந்து வால்வு, 10 வாட் என்று எளிதாக ஒன்றைக் கொடுத்தது. வில்லியம்சன் படம் வந்த அதே 1947 டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வுக்குக் குழி தோண்டியாயிற்று என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எழுபது எண்பதுகளில் நம்ம ஊர்ப் பையன்கள் 2என்3055 டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் முடுக்கி ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள். பிறகு ஒற்றை ஐசியிலேயே வேலை முடிந்தது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் என்று எனக்குத் தெரியும்!

சரி, எது நல்லது? வாட்டைப் பார்த்து மயங்காதே கண்ணு. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நம் காது அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை. அதனால்தான் வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருக்கும் கரித்தடமும் மடக்கைக் கணக்கில் செய்யப்படுகிறது. சீரான தடம் போட்டால் கொஞ்சம் திருகினதுமே கத்தும், பிறகு எவ்வளவு திருகினாலும் மாற்றம் தெரியாது.

இந்தக் குமிழைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு மில்லில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். எந்த மில் என்பது இப்போது வேண்டாம். உக்கடத்தில் லைன் வீடு, ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செய்தியை முழுச் சத்தத்தில் வைப்பார். பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு, அம்மாவுக்கும் அவருக்கும் தினம் சண்டை. குமிழை வேறு யாரும் தொடக் கூடாது. எனக்குப் பரீட்சை. அப்போதுதான் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, அரை மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். குமிழை முழுக்கத் திருகினாலும் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம்தான் போகும். காதுக்குப் பாதிச் சத்தம்.

அன்று சாயங்காலம் அப்பா குமிழைக் கடைசி வரை திருகினார். இன்னும் திருகிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்து உட்கார்ந்தார். நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

தறிக்கூடத்து இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டும். வருஷக்கணக்கில் அதில் நின்றால் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்வி. பாட்டு கேட்கும், பேச்சு கேட்கும், ஆனால் சொல் பிரியாது. அதனால்தான் செய்திக்கு மட்டும் அவ்வளவு சத்தம். காது டாக்டர் இதைச் சொன்னபோது நான் ஆசிரியராகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான்! வீட்டுக்கு வந்து ரெசிஸ்டரை எடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ரேடியோ கேட்பதையே அதற்குள் விட்டிருந்தார்.

தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஆசை புதிதல்ல. 1939லேயே பில்கோ கம்பெனி கம்பியில்லாத ரிமோட் பெட்டியோடு ரேடியோ விற்றது. 1956ல் ஜெனித் டிவிக்கு வந்த ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும், மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டிவி புரிந்துகொள்ளும். பிறகு அகச்சிவப்புக் கதிர். ரிமோட்டை போன் கேமரா முன்னால் பிடித்து அமுக்கிப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் மினுக்குவது தெரியும். நல்ல ஆம்ப்ளிஃபயர்களில் குமிழுக்குப் பின்னால் சின்ன மோட்டார் இருக்கும். ரிமோட்டை அமுக்கினால் குமிழ் தானாகச் சுற்றும். முதலில் பார்த்தபோது பேய் பிடித்ததோ என்று என் மனைவி பயந்துவிட்டார்.

இப்போது என் காதிலும் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, காது மெஷின். அதன் வால்யூம் போனில். பேத்தி அவள் போனிலும் அதை இணைத்துவிட்டாள். மேம்பாலத்து ஹாரன் சத்தத்தில் நான் முகம் சுளித்தால் குறைப்பாள். நல்ல பிள்ளைதான். ஆனாலும் ஒரு நாள் என்னைக் கேட்காமல் குறைத்தபோது, "சாமி, தாத்தாவைக் கேட்டுட்டு அப்புறம் குறை" என்றேன். ஏன் குரல் மாறியது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆகவே துபாய்க்காரரே, வால்வு சூடாகும், கரண்டு தின்னும், கேட்க இதமாக இருக்கும். புது கிளாஸ் டி வகை கரண்டில் பத்தில் ஒன்பது பங்கை ஸ்பீக்கருக்குத் தரும். காசை மிச்சம் பிடித்து ஸ்பீக்கரில் போடு. போன் கண்ட்ரோல் இருக்கட்டும், கூடவே கையால் திருகும் குமிழும் இருக்கிறதாகப் பார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும்போது அவர்களுக்கு எட்டும் உயரத்தில் வை.

யார் வீட்டுப் பரணிலாவது யுஎம்எஸ் ரேடியோ கிடந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.